தேயிலை மலையில் கண்ட வண்ணத்துப்பூச்சி: புதிய இனமா, துணை இனமா, பழைய இனத்தின் வேறு வடிவமா?

கேள்வி – கொழுந்துமலை, ஹப்புத்தளை

அனைவருக்கும் வணக்கம். ஹப்புத்தளைக்கு அண்மையில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில், தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் செல்லும் ஒற்றையடிப் பாதையில் இரண்டு ஆண்டுகளாக வண்ணத்துப்பூச்சிகளைப் படம் பிடித்து, நாள், நேரம், காலநிலை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வருகிறேன். அவற்றுள் இரண்டு என்னைக் குழப்புகின்றன.

ஒன்று, இருட்டும் வேளையில் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) விளக்கைத் தேடி வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு நிறப் பூச்சி. டிசெம்பரில் எடுத்த படங்களில் அதன் இறகுகளின் அடிப்பக்கம் முழுவதும் மெல்லிய அலைக்கோடுகளும், ஓரத்தை ஒட்டி மஞ்சள் வளையமிட்ட கண் போன்ற புள்ளிகளும் தெளிவாக உள்ளன. ஓகஸ்டில் அதே சுவரில் எடுத்த படங்களில் கண்புள்ளி ஒன்றுகூட இல்லை. இறகின் நுனி கொக்கிபோல வளைந்து, முழுப் பூச்சியும் காய்ந்த இலையாகவே காணப்படுகிறது. இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

மற்றையது, கறுப்பு இறகில் வெளிர்நீலக் கீற்றுகள் கொண்ட, மெதுவாகப் பறக்கும் பூச்சி. பட்டியலைப் பார்த்து இதை இலங்கைக்கே உரிய பரன்டிகா டாப்ரோபனா என்று தீர்மானித்தேன். எங்கள் மாமா குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் எழுபதுகளில் இந்தியா சென்று நீலகிரியின் கோத்தகிரியில் குடியேறியது. மாமா மகனுக்கு என் படத்தை அனுப்பியபோது, அவர் தமது வீட்டுப் பின்புறத்தில் எடுத்த படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அங்குள்ளது பரன்டிகா நீல்கிரியென்சிஸ் என்ற வேறு இனமாம்.

கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு, வெவ்வேறு இனங்களாக இருக்கலாம் என்றால், கண்ணுக்கே வேறாகத் தெரியும் என் பழுப்பு நிறப் பூச்சிகள் இரண்டும் ஒரே இனமாக இருக்க முடியுமா? எந்த அளவுகோலைக் கொண்டு இதைத் தீர்மானிக்கிறார்கள்? ஓகஸ்ட் பூச்சிக்குப் பெயர் வைத்து வெளியிடலாம் என்று உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். படங்கள் மட்டும் போதுமா?

மறுமொழி – ஊவாக்காற்று, பண்டாரவளை

வணக்கம் சேர். பழுப்பு நிறப் பூச்சியைப் பற்றி முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் முப்பது வருடங்களுக்கு முன் நானும் இதே குழியில்தான் விழுந்தேன்.

நீங்கள் சொல்லும் நேரம், சுவர், விளக்கு, கொக்கி நுனி ஆகிய அனைத்தும் மெலனைட்டிஸ் லீடா என்ற அந்திப் பூச்சிக்குப் பொருந்துகின்றன. லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட இந்தப் பூச்சிக்கு மழைக்கால வடிவம் ஒன்றும் வறட்சிக்கால வடிவம் ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் பிறப்பவற்றுக்குக் கண்புள்ளிகள் இருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பவற்றில் அவை மங்கி அல்லது மறைந்து, அடிப்பக்கம் சருகு நிறத்துக்கு மாறிவிடும். அந்தச் சருகு நிறமும் ஒன்றுபோல இராது. ஒரே கிழமையில் சுவரில் வந்து அமர்ந்த நான்கு பூச்சிகளில் ஒன்று செங்கல் நிறமாகவும், ஒன்று சாம்பலாகவும், ஒன்று கறுப்புத் திட்டுகளுடனும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் மட்டும் ஏமாறவில்லை. கிராமர் 1775இல் இதன் வறட்சிக்கால வடிவத்துக்கு இஸ்மீன் என்று தனிப் பெயரே வைத்தார். இன்று அது லீடாவின் மறுபெயர் மட்டுமே.

இப்போது உங்கள் மாதங்களைக் கவனியுங்கள். ஓகஸ்டில் ஊவாவில் கச்சான் காற்று வீசுகிறது. மானாப் புல் காய்ந்து, மலைச்சரிவு முழுவதும் மஞ்சளாகிவிடும். டிசெம்பரில் வடகீழ்ப் பருவ மழை கொட்டுகிறது. பச்சைப் புல்லின் நடுவில் கண்புள்ளி, தாக்க வரும் ஓணானின் கொத்தை உடலிலிருந்து இறகு ஓரத்துக்குத் திருப்புகிறது. காய்ந்த சருகின் நடுவில் அதே கண்புள்ளி பூச்சியைக் காட்டிக்கொடுத்துவிடும். குடம்பியாக இருக்கும்போது அனுபவிக்கும் வெப்பநிலையே முக்கியமாக இதைத் தீர்மானிக்கிறது என்று இதன் நெருங்கிய உறவான பழுப்பு நிறப் பூச்சிகளில் செய்த பரிசோதனைகள் காட்டியுள்ளன.

தோற்றம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு உங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரமே சாட்சி. அதில் முட்டையிடும் பபிலியோ பொலிட்டிஸ் இனத்தின் பெண்களில் மூன்று வகை உண்டு. ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், பறவைகள் உண்ண விரும்பாத இரண்டு வேறு இனங்களின் சிவப்புப் புள்ளி உடையை அணிந்துகொண்டு திரியும். லின்னேயஸே ஆண் வடிவத்தைப் பம்மொன் என்றும் பெண் வடிவம் ஒன்றைப் பொலிட்டிஸ் என்றும் ஒரே நூலில் இரண்டு இனங்களாக எழுதினார். மலாய்த் தீவுக்கூட்டத்தில் எட்டு ஆண்டுகள் அலைந்து திரும்பிய இயற்கையியலாளர் வாலஸ், 1865இல் வெளியான தமது கட்டுரையில் இவை ஒரே இனத்தின் ஆணும் பல வடிவப் பெண்களும் என்று விளக்கினார். ஒரு தாயின் முட்டைகளை எடுத்து வளர்த்துப் பாருங்கள். அக்காளும் தங்கையும் அடையாளம் தெரியாத வேற்று உடையில் கூட்டிலிருந்து வெளியே வரக்கூடும். எங்கள் வீட்டு எலுமிச்சையில் அப்படி வந்தபோது என் பேத்தி, பூச்சி மாறிவிட்டது என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டாள்.

ஆகவே உங்கள் கொப்பியில் உள்ள இரண்டு பழுப்பு நிறப் பூச்சிகளையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவாருங்கள். குறிப்புகளை அழித்துவிடாதீர்கள், எந்த மாதத்தில் எந்த வடிவம் என்பதே அவற்றின் பெறுமதி.

மறுமொழி – மழைக்காடு, மஸ்கெலியா

ஊவாக்காற்று ஐயா கூறியதோடு ஒரு சிறு சேர்க்கை. மாதத்தை மட்டும் எழுதினால் நம் மலைநாட்டில் போதாது. ஓகஸ்டில் அங்கே கச்சான் வீசும்போது இங்கே தென்மேல் பருவ மழையில் லயத்துக் கூரையே ஒழுகுகிறது. ஓகஸ்டில் நான் எடுத்த லீடா படங்களில் கண்புள்ளிகள் அப்படியே உள்ளன. நேர்கோட்டில் அளந்தால் நமக்கிடையே ஐம்பது கிலோமீற்றர் அளவுதான் வரும். அந்தக் கிழமை மழை பெய்ததா, புல் பச்சையா காய்ந்ததா என்பதையும் எழுதினால்தான் இரண்டு கொப்பிகளையும் ஒப்பிட முடியும்.

மறுமொழி – பேராதனைவாசி, கண்டி

பரன்டிகா பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். சற்று நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாப்ரோபனா என்ற பெயரை 1865இல் வைத்தவர்கள் வியன்னாவைச் சேர்ந்த பெல்டர் தந்தையும் மகனும். தந்தை பிற்காலத்தில் அந்நகரின் மேயராகவே இருந்தவர். கிரேக்கர் இலங்கையை அழைத்த தப்ரோபனே என்ற சொல்லையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். அந்தச் சொல்லின் வேர் தாம்பிரபரணி என்பதால், நம் மலையில் பறக்கும் பூச்சிக்கும் திருநெல்வேலி ஆற்றுக்கும் பெயர்வழி உறவு உண்டு. பரன்டிகா என்ற சாதியை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை, ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரெடரிக் மூர் 1880இல்தான் நிறுவினார். எனவே பெல்டர்கள் பெயர் வைத்தபோது இந்த இனம் வேறொரு சாதியில் இருந்தது, இப்போது இங்கே மாற்றப்பட்டுள்ளது. பட்டியல்களில் பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பதற்கு இந்த இடமாற்றமே காரணம். பாடசாலையில் இருசொற்பெயரீடு கற்பிக்கும்போது மாணவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

இனி அளவுகோல். இரண்டு குடித்தொகைகள் ஒரே இடத்தில் வாழ்ந்தும் தமக்குள் கலக்காமல் இருந்தால் அவை வெவ்வேறு இனங்கள் என்று துணிந்து சொல்லலாம். நம் மலையில் டாப்ரோபனாவும், அதை ஒத்த பரன்டிகா அக்லியாவும் இந்தச் சோதனைக்கு உட்பட்டவை; இரண்டும் இந்நாட்டிலேயே பறக்கின்றன, ஆனால் ஒன்றாகிவிடவில்லை. கோத்தகிரிப் பூச்சியோ ஹப்புத்தளைக்கு வருவதேயில்லை. சந்திக்காத இரண்டைப் பற்றி, சந்தித்தால் கலக்குமா என்று கேட்பதற்கு இயற்கை விடை தருவதில்லை. தீவுகளில் பாகுபாடு செய்பவர்கள் அனைவரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இலங்கைக்கு மட்டுமல்ல, சுலாவெசிக்கும் இதே கதைதான்.

கடல் பிரித்ததால் இனம் பிரிந்தது என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றிருப்பதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றது. ஆகவே அப்போது இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடையே தரைதான் இருந்தது. யானை நடந்து வந்திருக்கலாம். ஆனால் குளிர்ந்த காட்டில் வாழப் பழகிய ஒரு வண்ணத்துப்பூச்சி நீலகிரியிலிருந்து புறப்பட்டால், இராமநாதபுரத்தின் வெயிலையும் வன்னியின் வெயிலையும் கடந்துதான் நுவரெலியாவுக்கு ஏற வேண்டும். அதற்குத் தரை இருந்தும் பாதை இல்லை. நம் மலைநாட்டுக்கு முதற்கடல் உப்புக் கடலன்று, சுற்றியுள்ள சூடான சமவெளியே. தாழ்நிலத்துப் பூச்சிகள் பல இரு நாட்டிலும் ஒன்றாகவே இருப்பதற்கும், மலைப் பூச்சிகளில் தனி இனங்கள் கூடுதலாக இருப்பதற்கும் இது பொருந்திய விளக்கமாகும்.

சந்திக்காத குடித்தொகைகளை இனங்களா, துணை இனங்களா (ஒரே இனத்தின் வட்டார வடிவங்களா) என்று முடிவு செய்ய ஒரே ஒரு சான்றைக் கொண்டு வருபவரை நான் நம்புவதில்லை. இறகின் கோலம் ஒரு சான்று. ஆணின் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்புகளின் வடிவம் இன்னொரு சான்று. வயிற்றைக் காரக் கரைசலில் இளக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவும் பற்றுமடல்களைப் பிரித்து வரைவார்கள். முட்டை, குடம்பி, அது தின்னும் செடி ஆகியவை மூன்றாவது. இழைமணியில் (கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பில்) உள்ள ஒரு பரம்பரையலகின் 658 எழுத்துத் துண்டை ஒப்பிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் தாய்வழியாக மட்டும் கடத்தப்படும் அந்தத் துண்டு, உடலில் வாழும் வொல்பாக்கியா பற்றீரியாவின் தொற்றினால் பொய்க்கதை சொல்லவும் கூடும். இத்தனை சதவீத வேறுபாடு இருந்தால் வேறு இனம் என்று கோடு கிழிப்பவர்கள், அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும்.

உங்கள் இரண்டு படங்களைப் பற்றி ஒன்று. நீங்கள் பார்ப்பது இறகின் ஒரு பக்கத்தை, ஒரு கோணத்தில். அதை வைத்து வேறுபாடு இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். முதலில் உங்களுடையது டாப்ரோபனாதானா என்பதையே உறுதி செய்யுங்கள். ஆண் பரன்டிகாவின் பின்னிறகில், கீழ்க்கோடியை ஒட்டிக் கரிய மணச்செதில் திட்டு ஒன்று இருக்கும். அதேபோல நீலக் கீற்று உடைய திருமலா சாதியின் ஆண்களில் திட்டுக்குப் பதிலாகச் சிறு பை போன்ற மடிப்பு இருக்கும். தோட்டங்களில் பசளைக்காக வளர்த்த கிலுகிலுப்பைச் செடி எங்காவது காய்ந்து கிடந்தால் அங்கே காலையில் காத்திருங்கள். மணப்பொருள் செய்யத் தேவையான சாற்றை உறிஞ்ச ஆண்கள் கூட்டமாக வந்து அமரும். அப்போது அவற்றின் அருகில் கமராவைக் கொண்டுபோனாலும் அவை எளிதில் எழும்புவதில்லை.

மீண்டும் – கொழுந்துமலை

ஊவாக்காற்று ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. ஓகஸ்ட் பூச்சிக்குப் பெயர் வைக்கும் ஆசை இன்றோடு போய்விட்டது. ஆயினும் என்றாவது உண்மையிலேயே பெயரற்ற ஒன்று கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மாணவர்களுக்காகவாவது அறிய விரும்புகிறேன். வலையும் போத்தலும் வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி – பேராதனைவாசி, கண்டி

வலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் பிடிப்பதும் கொண்டு செல்வதும் வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் சிக்கலில் முடியும். 2020இல் யால தேசிய பூங்காவில் போத்தல்களில் பூச்சிகளுடன் பிடிபட்ட வெளிநாட்டவர் இருவருக்கு 2024இல் ஆறு கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. அந்தப் போத்தல்களில் வண்ணத்துப்பூச்சிகளும் இருந்தன.

பெயரிடும் முறை இதுதான். பெயர் தாங்கும் மாதிரி என்று ஒரேயொரு பூச்சியைத் தெரிவு செய்து, அது எந்த அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் எழுத வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச விதிக்கோவையின்படி இது கட்டாயம். அதன்பின் விவரணம்: முன்னிறகின் நீளம் மில்லிமீற்றரில், நரம்புகளுக்கு இடையில் எந்த அறையில் எந்தப் புள்ளி, மேற்புறம், அடிப்புறம், ஆண், பெண், இனப்பெருக்க உறுப்பு, பிடித்த இடம், உயரம், நாள். விவரணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறுபாட்டுக் குறிப்பு, அதாவது ஏற்கெனவே பெயருள்ள நெருங்கிய இனங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் இது எதனால் பிரிகிறது என்று சொல்லும் சில வரிகள். அதை எழுத முடியாதவரிடம் புதிய இனமும் இல்லை.

படத்தை மட்டும் வைத்துப் பெயரிட விதியில் ஓர் இடுக்கு உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். இருக்கட்டும். படத்தின் வயிற்றைத் திறந்து பார்க்க முடியாது.

இன்னொரு தடை தூரம். மூர் இலங்கைப் பூச்சிகளை விவரித்து 1880 தொடக்கம் 1887 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவற்றுக்கான ஓவியங்களைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய த அல்விஸ் குடும்பத்தினர், அப்போதைய பணிப்பாளர் துவைட்சின் மேற்பார்வையில் வரைந்தனர். பூச்சி இங்கே, தூரிகை இங்கே. ஆனால் மூரின் சேகரிப்பும் பெல்டர்களின் சேகரிப்பும் கடைசியில் லண்டன் அரும்பொருளகத்தையே சென்றடைந்தன. நம் மலைப் பூச்சி ஒன்று புதியதா என்று பார்க்க, முதலில் அங்குள்ள பழைய மாதிரியோடு ஒப்பிட வேண்டும்.

மாதிரி சேகரிப்பு வேண்டாம் என்று நான் சொல்வதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. மாணவனாக இருந்தபோது, உரிய அனுமதியோடு சேர்த்த ஒரு பெட்டி மாதிரிகளை ஓர் ஆய்வுகூட அலுமாரியில் ஒப்படைத்தேன். ஜூன் மழை முடிந்து திறந்தபோது இறகுகள் எல்லாம் பூஞ்சணம் பூத்து வெள்ளையாகக் கிடந்தன. கடைசி வரிசையை எறும்பு தின்றிருந்தது. உலர்த்தும் வசதி இல்லாத இடத்தில் மலைநாட்டு ஈரம் எதையும் விட்டுவைக்காது.

மறுமொழி – குடம்பி, அட்டன்

பேராதனைவாசி அண்ணன் இனமா துணை இனமா என்பதை மிக நிதானமாக எழுதினார். எனக்கு அந்த நிதானத்தில் சிறு ஐயம் உண்டு. துணை இனம் என்ற தட்டில் வைத்துவிட்டால் பூச்சி மறக்கப்பட்டுவிடுகிறது. பக்லியொப்டா ஜோபொன் என்ற வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூர் 1881இல் பாண்டியானா என்று பாண்டியர் பெயரால் விவரித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பூச்சியை, ஒரு காலத்தில் இதன் துணை இனமாகவே சேர்த்து எழுதினார்கள். இரண்டும் ஒன்று என்றால் இரண்டு நாட்டிலும் உள்ள பூச்சி. பெரிய கவலை இல்லை. பிரித்துப் பார்த்தால், ஜோபொன் இலங்கையின் தாழ்நில மழைக்காடுகளில் மட்டும் எஞ்சியுள்ள, மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம். பூச்சி அதேதான், காடும் அதேதான். பெயர் மாறியதும் அதைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. 2012ஆம் ஆண்டுத் தேசிய செம்பட்டியலில் (அழியும் ஆபத்தை மதிப்பிடும் பட்டியலில்) நம் நாட்டு வண்ணத்துப்பூச்சிகள் 245, இலங்கைக்கே உரியவை 26. அதற்கு முன் 20 என்றே எழுதி வந்தோம். இந்த உயர்வில் துணை இனங்களாகக் கிடந்து இனமாக உயர்த்தப்பட்டவையும் அடங்கும். ஐயம் உள்ள இடத்தில் இனம் என்று எழுதுவதே காட்டுக்கு நல்லது என்பது என் கட்சி.

மறுமொழி – பேராதனைவாசி, கண்டி

தம்பி, ஜோபொன் விடயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். அங்கே பிரிப்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் காட்டைக் காப்பதற்காக இனத்தை உயர்த்தினால், நாளை வேறொருவர் காட்டை வெட்டுவதற்காக அதைத் தாழ்த்துவார். துணை இனத்துக்கும் பாதுகாப்புக் கேட்பதுதான் நேரான வழி.

மீண்டும் – கொழுந்துமலை

இன்று விடுமுறை என்பதால் நீலக்கீற்றுப் பூச்சியின் படங்கள் அனைத்தையும் மீண்டும் திறந்தேன். மொத்தம் முப்பத்தொன்று. பத்தொன்பதில் இறகு மடித்திருப்பதால் முன்னிறகு பின்னிறகின் பாதியை மறைக்கிறது. எட்டில் கரிய திட்டு தெளிவாக உள்ளது. மூன்றில் திட்டும் இல்லை, பையும் இல்லை. பெண்ணாக இருக்க வேண்டும். மீதமுள்ள ஒன்றில், இதுவரை டாப்ரோபனா என்று நான் எழுதி வைத்திருந்த பூச்சியின் பின்னிறகில், சிறு பை போன்ற மடிப்பு நன்றாகவே தெரிகிறது. அதற்கு மேல் பழைய பெயரை வெட்டித் திருமலா என்று எழுதியிருக்கிறேன். எந்த இனம் என்று எழுதவில்லை. மாமா மகனுக்கும் திட்டு எங்கே இருக்கும் என்று வரைந்து அனுப்பிவிட்டேன்.

மறுமொழி – ஊவாக்காற்று, பண்டாரவளை

அந்த ஒன்றை இங்கே பதிவிடுங்கள் சேர். பின்னிறகின் நடு அறையில் உள்ள கீற்றுகள் அகலமா மெல்லியவையா என்று பார்த்தால், அகலக் கீற்றுள்ள லிம்னியேசியா, ஒடுங்கிய கீற்றுள்ள செப்டென்ட்ரியோனிசா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அடுத்த முறை பூச்சி அமர்ந்த செடியின் இலையையும் சேர்த்து எடுங்கள். பிறகு அந்த இலையை அளந்தால் இறகின் நீளம் கிடைத்துவிடும்.